தானியங்கிச் சோதனையில் 100 மதிப்பெண். ஆனாலும் பார்வையற்ற பயனரால் படிவத்தை அனுப்ப இயலவில்லை

கேள்வி: நிரல்நெசவு

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பயிற்சி நிறுவனத்தின் சேர்க்கை விண்ணப்பத் தளத்தைப் பராமரிக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்தது. தளத்தைக் கட்டியவர்கள் இப்போது இங்கே இல்லை. பார்வையற்ற விண்ணப்பதாரர் ஒருவர் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானின் துணையோடு படிவம் முழுவதையும் நிரப்பி ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தியதாகவும், எந்தப் பிழைச் செய்தியும் கேட்காததால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நம்பியிருந்ததாகவும், அது பதிவாகவே இல்லை என்பது கடைசி நாள் கடந்த பிறகுதான் தெரியவந்ததாகவும் அதில் குறிப்பிட்டிருக்கிறார்.

கடிதத்தைப் படித்ததும், இணையப் பக்கங்களைத் தானாகச் சோதிக்கும் லைட்ஹவுஸ் கருவியில் அந்தப் பக்கத்தைச் சோதித்தேன். அணுகல்தன்மைப் பிரிவில், அதாவது இயலாமை உள்ளவர்களும் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் பகுதியில், 100க்கு 100 கிடைத்தது. அதேபோல் சோதிக்கும் ஆக்ஸ் என்ற உலாவி நீட்சியும் பிழை எதையும் காட்டவில்லை. படங்களுக்கு அவற்றைச் சொல்லால் விளக்கும் மாற்று உரை இருக்கிறது, புலங்களுக்கு லேபிள் இருக்கிறது, நிறங்களும் தேர்ச்சி பெறுகின்றன. அப்படியிருந்தும் ஒருவரால் விண்ணப்பிக்க முடியவில்லை என்றால் கோளாறு எங்கே இருக்கிறது, அதை எந்த வழியில் தேடுவது என்பதே என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி சற்றுச் சங்கடமானது. பக்கத்தின் மூலையில் ஒரு சிறு சின்னத்தைக் காட்டி, எழுத்தைப் பெரிதாக்குவது, நிறத்தை மாற்றுவது போன்ற வசதிகளைத் தரும் ஒற்றை வரி ஸ்கிரிப்டைச் சந்தாவாக வாங்கிச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று எங்கள் மேலாளர் கருதுகிறார். அப்படிப்பட்ட பயனர்கள் மிகச் சிலரே என்பதும் அவருடைய வாதம். அவரிடம் நான் என்ன சொல்வது?

மறுமொழி: செவிவழி

நான் பார்வையற்றவன். அலுவலக வேலை, வங்கி, செய்தி எல்லாவற்றையும் என்விடிஏ திரைவாசிப்பான் வழியாகவே பார்த்துக்கொள்கிறேன். அந்த விண்ணப்பதாரருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை உங்கள் தளத்தைத் திறக்காமலேயே ஓரளவு ஊகிக்க முடிகிறது.

பொத்தானை அழுத்தியதும் உங்கள் நிரல் படிவத்தைச் சரிபார்த்திருக்கும். நிரப்பப்படாத, அல்லது தவறாக நிரப்பப்பட்ட ஏதோ ஒரு புலத்தின் விளிம்பைச் சிவப்பாக்கி, அதன் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரியைக் காட்டியிருக்கும். பார்க்கக்கூடியவர் அந்தச் சிவப்பைக் கண்டு மேலே போய்த் திருத்துவார். திரைவாசிப்பானோ ஃபோகஸ் இருக்கும் இடத்தை, அதாவது விசைப்பலகை அப்போது நிற்கும் உறுப்பைத்தான் பேசும். ஃபோகஸ் பொத்தானிலேயே நின்றுவிட்டால், பக்கத்தின் வேறொரு மூலையில் தோன்றிய வரியை அது தானாகப் போய்ப் படித்துக் காட்டாது. எனவே எனக்கு எதுவுமே கேட்காது. பல தளங்களில் வெற்றிகரமாக அனுப்பிய பிறகும் இதே மௌனம்தான் நிலவுகிறது என்பதால், மௌனத்தை வெற்றி என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்களில் பலருக்கும் வந்துவிட்டது. கடிதம் எழுதியவர் கவனக்குறைவாக இருந்தார் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம்.

ஒரு பக்கத்தை நாங்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கேட்பதில்லை. பக்கம் திறந்ததும் அதன் தலைப்பு கேட்கும். அது ‘முகப்பு’ என்றோ நிறுவனத்தின் பெயர் மட்டுமாகவோ இருந்தால் எந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறோம் என்பதே புரியாது. பிறகு எச் (H) விசையை அழுத்திப் பக்கத்துக்குள் உள்ள பிரிவுத் தலைப்புகளில் ஒவ்வொன்றாகத் தாவுவேன். எஃப் (F) விசை அடுத்த படிவப் புலத்துக்கும், பி (B) விசை அடுத்த பொத்தானுக்கும், டி (T) விசை அடுத்த அட்டவணைக்கும் கொண்டுபோகும். எழுத்தைப் பெரிதாகவும் தடிமனாகவும் ஆக்கிவிட்டு, தலைப்பு என்று குறியீட்டில் எங்கும் சொல்லாமல் விட்ட பக்கத்தில் எச் விசை ‘அடுத்த தலைப்பு இல்லை’ என்று கைவிரித்துவிடும். அதன்பின் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

உங்கள் படிவத்தில் லேபிள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது காதில் எப்படி விழுகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மோசமாகக் கட்டிய புலத்தில் ‘திருத்தும் பெட்டி, வெற்று’ என்பதோடு முடிந்துவிடும். ஒழுங்காகக் கட்டிய புலத்தில் ‘தொலைபேசி எண், திருத்தும் பெட்டி, கட்டாயம், இடைவெளி இல்லாமல் எழுதவும்’ என்று கேட்கும். கடைசியாக வரும் அந்தக் குறிப்பு திரையில் பெட்டிக்கு அருகிலேயே இருந்தாலும், ஏரியா-டிஸ்கிரைப்ட்பை பண்பால் (திரைவாசிப்பான் போன்ற கருவிகளுக்காகக் குறியீட்டில் சேர்க்கும் ‘ஏரியா’ பண்புகளில் ஒன்று) பெட்டியோடு இணைக்கப்படவில்லை என்றால், பெட்டியில் நிற்கும் எனக்கு அது கேட்கவே கேட்காது. பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் பிளேஸ்ஹோல்டரை லேபிளாகப் பயன்படுத்தும் வழக்கம் இதைவிடத் தொல்லையானது. தட்டத் தொடங்கியதும் அது மறைந்துவிடுவதால், நினைவாற்றலில் சிக்கல் உள்ளவர்களும் கவனம் சிதறுபவர்களும்கூட அதனால் திண்டாடுகிறார்கள்.

பிறந்த தேதிக்கு நாட்காட்டிக் கட்டம் வைத்திருந்தால் அதையும் சோதியுங்கள். மாதமோ கிழமையோ சொல்லாமல் ‘1, இணைப்பு, 2, இணைப்பு’ என்று வாசித்துக்கொண்டே போகும் கட்டங்களில் நான் மாட்டிக்கொண்டதுண்டு. பிறந்த தேதி எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சாதாரணப் பெட்டிகளே போதும். பல பத்தாண்டுகள் பின்னோக்கிப் புரட்ட வேண்டிய நாட்காட்டி, பார்வை உள்ளவருக்கும் ஒரு தண்டனைதான்.

இன்னொன்று, மிகச் சிறியது. பக்கத்தின் லாங் பண்பில் என்ன மொழி குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தமிழ்ப் பக்கத்தில் ஆங்கிலம் என்று எழுதியிருந்தால், ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளைப் படிக்க முயன்று, சிலவற்றை விழுங்கி, சிலவற்றை உளறி, கேட்பவரைத் தலைசுற்ற வைத்துவிடும். இதைத் திருத்த ஒரு நிமிடம் போதும்.

மறுமொழி: அளவுகோல்

இணையதளங்களை அணுகல்தன்மைக்காகச் சோதிப்பது என் தொழில். 100 மதிப்பெண் ஏன் உங்களைக் கைவிட்டது என்பதற்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன்.

தானியங்கிக் கருவி, பக்கம் ஏற்றப்பட்ட கணத்தில் இருக்கும் குறியீட்டைத்தான் பார்க்கிறது. ‘அனுப்பு’ பொத்தானை அழுத்திய பிறகு தோன்றும் பிழைச் செய்தி, திறக்கும் உரையாடல் பெட்டி, நீளும் பட்டியல் ஆகியவை அப்போது பக்கத்தில் இருப்பதேயில்லை. அந்த நிலைக்குப் பக்கத்தை நீங்களே கொண்டுபோய் மீண்டும் ஓட்டினாலொழிய அவை சோதிக்கப்படுவதில்லை. டிவ் என்ற, தனக்கென வேலை ஏதும் இல்லாத பொதுப் பெட்டி உறுப்பில் ஜாவாஸ்கிரிப்ட் வழியாகக் கிளிக் நிகழ்வைக் கட்டியிருந்தால் அது குறியீட்டில் தெரியாது. ஆகவே திரையில் பொத்தானாகக் காட்சியளிப்பது விசைப்பலகைக்கு எட்டாது என்பதையும் கருவி அறியாது. படத்துக்கு மாற்று உரை இருக்கிறதா என்பது கருவிக்குத் தெரியும். ஒரு வரைபடத்துக்கு ‘படம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது பயனற்றது என்பது தெரியாது. வெறும் அலங்காரப் படத்துக்கு மாற்று உரையைக் காலியாக விடுவதுதான் முறை. பண்பையே விட்டுவிடுவது வேறு விஷயம். அப்போது திரைவாசிப்பான் கோப்பின் பெயரைப் படிக்கத் தொடங்கிவிடலாம்.

இதற்காகக் கருவிகளைத் தூக்கி எறிய வேண்டும் என்று சொல்லவில்லை. இணைய அணுகல்தன்மைக்காக இயங்கும் வெப்எய்ம் அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கி முறையில் ஆராய்ந்து அறிக்கை வெளியிடுகிறது. 2024ஆம் ஆண்டின் அறிக்கைப்படி அவற்றில் 95.9 விழுக்காட்டுப் பக்கங்களில் கண்டறியத்தக்க குறைபாடு இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு அதே ஆறு வகைப் பிழைகளே முன்னால் நிற்கின்றன: மங்கலான எழுத்து, மாற்று உரை இல்லாத படம், லேபிள் இல்லாத புலம், வெற்று இணைப்பு, வெற்றுப் பொத்தான், மொழி குறிப்பிடாத பக்கம். இவை கருவியாலேயே பிடிபடக்கூடியவை. இவற்றைக்கூடத் திருத்தாமல் விட்டுவைத்திருப்பது வெறும் சோம்பல் என்பதே என் கருத்து. உங்கள் தளம் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. இனி மனிதர் உட்கார்ந்து சோதிக்க வேண்டிய பகுதி.

அளவுகோலாக டபிள்யூசிஏஜி எனப்படும் இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்களை வைத்துக்கொள்ளுங்கள். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1997இல் இணைய அணுகல்தன்மைக்கென ஒரு தனி முயற்சியைத் தொடங்கியது. அந்த வழிகாட்டுதல்களின் முதல் பதிப்பு 1999இலும், இன்றும் அடித்தளமாக இருக்கும் 2.0 பதிப்பு 2008இலும், அதை விரிவாக்கிய 2.1 பதிப்பு 2018இலும், 2.2 பதிப்பு 2023 அக்டோபரிலும் வெளிவந்தன. நடைமுறையில் பெரும்பாலோர் இலக்காகக் கொள்வது, மூன்று நிலைகளில் நடுவான ஏஏ நிலை. அதில் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு விகிதம் வேண்டும். வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் நிறம் 4.54 பெற்றுத் தேறுகிறது; கண்ணுக்கு வேறுபாடே தெரியாத #777777 நிறம் 4.48 மட்டுமே பெற்றுத் தவறிவிடுகிறது. வடிவமைப்பாளரோடு வாதிடும்போது இந்த இரண்டு எண்களும் எனக்கு அடிக்கடி கைகொடுத்திருக்கின்றன.

மேலாளர் சொல்லும் ஒற்றை வரி ஸ்கிரிப்டைப் பொறுத்தவரை, உங்கள் படிவத்தின் பிழைச் செய்தி எந்தப் புலத்துக்கு உரியது என்பதை அது அறியாது. அறியாததை அது எப்படிச் சொல்லும்? பெரிய எழுத்து வேண்டியவர் அதைத் தம் உலாவியிலேயே அமைத்துக்கொண்டிருக்கிறார். திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கு உங்கள் பக்கத்தில் இன்னொரு வாசிப்புக் கருவி தேவையில்லை. சில சமயம் அது குறுக்கே பேசி இருப்பதையும் கெடுக்கிறது. அத்தகைய செயற்கை நுண்ணறிவு ஸ்கிரிப்ட் எந்தத் தளத்தையும் வழிகாட்டுதல்களுக்கு இணங்க வைத்துவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என 2025இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் உத்தரவிட்டது. மேலாளரிடம் சொல்ல இந்த ஒரு செய்தி போதும்.

மறுமொழி: ஒற்றைவிசை

மேலே உள்ள இருவரும் திரைவாசிப்பானை மையமாக வைத்து எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பார்வையில் குறை இல்லை, கைகள் ஒத்துழைப்பதில்லை. சுட்டியைப் பிடிக்க இயலாததால் விசைப்பலகையையும், களைப்பான நாட்களில் குரல் கட்டளையையும் பயன்படுத்துகிறேன்.

தயவுசெய்து சுட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, டேப், ஷிஃப்ட் டேப், என்டர், இடைவெளி விசை, அம்புக்குறிகள் ஆகியவற்றை மட்டும் கொண்டு உங்கள் படிவத்தை ஒருமுறை முடித்துப் பாருங்கள். அழகைக் கெடுக்கிறது என்று ஃபோகஸ் கோட்டை ‘அவுட்லைன்: நன்’ என்று எழுதி அழித்திருந்தால், திரையில் நான் எங்கே நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. கோடு இருந்தும், பக்கத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் குக்கீ அறிவிப்புப் பட்டையின் பின்னால் அது ஒளிந்துகொள்வதும் நடக்கிறது. ஃபோகஸ் பெற்ற உறுப்பு முழுமையாக மறைக்கப்படக் கூடாது என்று டபிள்யூசிஏஜியின் 2.2 பதிப்பில் ஒரு விதியே சேர்க்கப்பட்டுள்ளது. இழுத்து நகர்த்த வேண்டிய எதற்கும் இழுக்காமல் செய்யும் மாற்று வழி வேண்டும் என்பதும், தட்ட வேண்டிய இலக்குகள் சில விதிவிலக்குகள் போக 24க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சலாவது இருக்க வேண்டும் என்பதும் அதே பதிப்பில் வந்தவை. நடுங்கும் விரலுக்கு 24 என்பதும் சிறியதுதான். பெரிதாக வைக்க இடமிருந்தால் பெரிதாகவே வையுங்கள்.

குரல் கட்டளை பற்றி நிரலாளர்கள் பலர் யோசிப்பதே இல்லை. திரையில் ‘அனுப்பு’ என்று தெரியும் பொத்தானை அழுத்த நான் “அனுப்பு” என்று சொல்கிறேன். திரைவாசிப்பானுக்கு உதவுவதாக நினைத்து அந்தப் பொத்தானின் ஏரியா-லேபிளில், அதாவது கண்ணுக்குத் தெரியாத உள்பெயரில், ‘விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்’ என்று யாரோ எழுதி வைத்திருந்தால், மென்பொருள் அந்தப் பெயரைத்தான் தேடும்; நான் கத்தினாலும் பொத்தான் அசையாது. கண்ணுக்குத் தெரியும் சொல், உள்ளே வைக்கும் பெயரிலும் அப்படியே இடம்பெற வேண்டும்.

நேர வரம்பையும் பாருங்கள். எனக்குப் படிவம் நிரப்ப மற்றவர்களைவிடப் பல மடங்கு நேரமாகும். இருபது நிமிடத்தில் அமர்வு காலாவதியாகி, எழுதியது முழுவதும் அழிந்துபோகும் தளங்களில் நான் விண்ணப்பிப்பதையே விட்டுவிட்டேன். நேரம் முடியப் போகிறது என்று முன்கூட்டியே எச்சரித்து, ஒரே விசையில் அதை நீட்டித்துக்கொள்ள வழிசெய்யுங்கள்.

மறுமொழி: பழையபக்கம்

‘அப்படிப்பட்ட பயனர்கள் மிகச் சிலரே’ என்ற வாதத்துக்கு மட்டும் என் பதில். உலக மக்களில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க இயலாமையோடு வாழ்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்கள் எல்லோருக்கும் இணையத்தில் இடர்ப்பாடு இருக்கும் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் ‘மிகச் சிலர்’ என்ற சொல் அங்கே நிற்காது.

செலவு பற்றிய வாதமும் புதிதன்று. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் போட்டிகளின் இணையதளம் தமக்கு எட்டவில்லை என்று பார்வையற்றவரான புரூஸ் மக்வயர் என்பவர் 1999இல் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டார். படங்களுக்கு மாற்று உரை இல்லாததும், போட்டி முடிவுகளின் அட்டவணைகளைப் படிக்க முடியாததும் அந்த முறையீட்டில் இருந்தன. திருத்துவதற்குப் பெரும் செலவும் காலமும் ஆகும் என்று அமைப்பாளர்கள் வாதிட்டார்கள். ஆணையம் அதை ஏற்காமல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பின்னர் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடும் விதித்தது. வேலையைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளிப் போட்டவர்கள்தாம் செலவைக் காரணம் காட்டுகிறார்கள் என்பது அன்றும் இன்றும் காணக்கூடியது.

மறுமொழி: நிரல்நெசவு

அனைவருக்கும் மிக்க நன்றி. சுட்டியை ஒதுக்கிவிட்டு, என்விடிஏவை நிறுவிப் படிவத்தை நிரப்பிப் பார்த்தேன். செவிவழி அவர்கள் ஊகித்தது சரியே: பிழைச் செய்தி திரையில் தோன்றுகிறது, காதில் விழவில்லை. ஆனால் அந்தப் பிழை எதனால் வந்தது என்பதுதான் என்னைத் திகைக்க வைத்தது. ‘விதிமுறைகளை ஏற்கிறேன்’ என்ற தேர்வுப் பெட்டி, உண்மையான தேர்வுப் பெட்டியே அன்று. டிவ் உறுப்பின் மேல் வரைந்த ஒரு சதுரம். டேப் விசை அதைத் தாண்டிப் போய்விடுகிறது. அது கட்டாயப் புலம் என்பதால், விசைப்பலகையை மட்டும் நம்பியிருக்கும் எவராலும் இந்தப் படிவத்தை அனுப்பியிருக்கவே முடியாது.

அந்த டிவ் உறுப்புக்கு, உறுப்பின் வகையைச் சொல்லும் ரோல் பண்பில் தேர்வுப் பெட்டி என்று எழுதிவிட்டால் போதுமா? பிழை ஏற்படும்போது ஃபோகஸை எங்கே கொண்டுபோவது?

மறுமொழி: செவிவழி

போதாது. ரோல் பண்பு என்பது கதவில்லாத சுவரில் ‘கதவு’ என்று பலகை மாட்டுவது போன்றது. திரைவாசிப்பான் அதை நம்பித் தேர்வுப் பெட்டி என்று எனக்கு அறிவிக்கும், நான் இடைவெளி விசையை அழுத்துவேன், எதுவும் நடக்காது. டேப் வரிசையில் சேர்ப்பது, விசை அழுத்தத்துக்குப் பதில் செய்வது, தேர்ந்தெடுக்கப்பட்டதா இல்லையா என்ற நிலையை ஒவ்வொரு முறையும் மாற்றுவது ஆகிய அனைத்தையும் நீங்களே எழுத வேண்டியிருக்கும். எச்டிஎம்எல்லின் சொந்தத் தேர்வுப் பெட்டியில் இவை எல்லாம் இலவசமாக வருகின்றன. தோற்றம்தான் தடை என்றால், உண்மையான பெட்டியை வைத்து அதைத் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் கொண்டு அலங்கரியுங்கள். ஏற்கெனவே உள்ள உறுப்பு போதுமானால் ஏரியாவை நாடாதீர்கள் என்பதே ஏரியாவின் முதல் விதி.

ஃபோகஸைப் பொறுத்தவரை, பிழையுள்ள முதல் புலத்துக்கு நேரே கொண்டுபோவதை நான் விரும்புவேன். பிழைச் செய்தி அந்தப் புலத்தோடு இணைக்கப்பட்டு, புலம் செல்லாதது என்ற குறிப்பும் இருந்தால், அங்கே போய் நின்றதுமே காரணம் கேட்டுவிடும்.

மறுமொழி: அளவுகோல்

கடைசிக் கருத்தில் சற்று மாறுபடுகிறேன். படிவம் சிறிதாக இருந்தால் முதல் புலத்துக்குப் போவது சரி. சேர்க்கை விண்ணப்பம் போன்ற நீண்ட படிவத்தில் நான்கைந்து பிழைகள் இருக்கலாம். ஒன்றைத் திருத்தி அனுப்பி, அடுத்ததைக் கேட்டு, மறுபடி அனுப்பி என்று பயனரை அலைக்கழிக்காமல், படிவத்தின் மேலே எல்லாப் பிழைகளையும் ஒரு தலைப்பின்கீழ்த் தொகுத்து, ஒவ்வொன்றையும் உரிய புலத்துக்குப் போகும் இணைப்பாக்கி, ஃபோகஸை அந்தத் தொகுப்புக்குக் கொண்டுபோவதே நல்லது. பக்கத் தலைப்பின் முன்னாலும் ‘பிழை’ என்று சேர்த்துவிடுங்கள். எச்டிஎம்எல்லின் கட்டாயப் பண்பைச் சேர்த்தால் உலாவியே தன் குமிழ்ச் செய்தியைக் காட்டி உங்கள் தொகுப்பை முந்திக்கொள்ளும் என்பதால், படிவத்தில் உலாவியின் சரிபார்ப்பை நிறுத்தும் நோவேலிடேட் பண்பையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

வெற்றிச் செய்தியை மறந்துவிடாதீர்கள். பதிவானதும் விண்ணப்ப எண்ணோடு புதிய பக்கத்துக்குக் கொண்டுபோவது எல்லாவற்றிலும் எளிது. அதே பக்கத்திலேயே காட்டுவதென்றால், தன்னுள் மாறும் செய்தியைத் திரைவாசிப்பான் தானாக அறிவிக்கச் செய்யும் ஏரியா-லைவ் பகுதி வேண்டும். அந்தப் பகுதி பக்கம் ஏற்றப்படும்போதே காலியாக இருந்து, பின்னர் செய்தி அதனுள் நிரப்பப்பட வேண்டும். பகுதியையும் செய்தியையும் ஒரே நேரத்தில் உருவாக்கிச் செருகினால், சில திரைவாசிப்பான்கள் அதை அறிவிக்காமல் கடந்துவிடுகின்றன. என்விடிஏவில் கேட்டுவிட்டது என்பதோடு நிறுத்தாமல், ஐபோனின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவரிலும் ஆண்ட்ராய்டின் டாக்பேக்கிலும் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள்.